முதல் வண்டி: பதினாறு வயசும் ஐம்பது சி.சி.யும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் பாண்டிச்சேரியில் இரண்டு இடங்களில் கூட்டத்தைப் பார்க்கலாம். ஒன்று, சென்டாக் விண்ணப்பம் போடுகிற பிரவுசிங் சென்டர். இன்னொன்று, டூ வீலர் ஷோரூம்.

"மார்க் வாங்கினா வண்டி" என்பது பல வீடுகளில் ஒன்பதாம் வகுப்பிலேயே போடப்படும் ஒப்பந்தம். ஆனால் ஷோரூமுக்குள் நுழைந்ததும் ஆளாளுக்கு ஒரு கணக்கு. அப்பாவுக்கு மைலேஜ். அம்மாவுக்கு, சீட்டுக்கு அடியில் பை வைக்க இடம் இருக்கிறதா என்பது. பையனுக்கு லுக்கு. விற்பவருக்கு இ.எம்.ஐ. ஒரு மணி நேரம் பேசுவார்கள். இரண்டு கேள்விகள் மட்டும் பெரும்பாலும் யார் வாயிலிருந்தும் வராது. ஓட்டப்போகிறவருக்கு லைசென்ஸ் வாங்கும் வயது ஆகிவிட்டதா? வண்டியில் உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் படுகிறதா?

மற்ற எல்லாக் கேள்விகளையும் விட முக்கியமானவை இந்த இரண்டும்தான். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

சட்டம் திறந்து வைத்த கதவு, சந்தை மூடிய கதவு

"பதினாறு வயசு ஆனா கியர் இல்லாத வண்டி ஓட்டலாம்" என்று பாண்டியில் பாதிப் பேர் சொல்வார்கள். இது பாதி உண்மை. பாதி உண்மை என்பதால்தான் ஆபத்து.

1988-ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 4-வது பிரிவு, பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்ட 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்கிறது. அதில் ஒரே ஒரு விலக்கு. எஞ்சின் 50 சி.சி.க்கு மேல் போகாத மோட்டார் சைக்கிளை 16 வயது முடிந்தவர் ஓட்டலாம். 18-க்குக் கீழே உள்ளவருக்கு அந்த எல்.எல்.ஆர். கொடுக்க, பெற்றோர் அல்லது பொறுப்பாளர் எழுத்து மூலம் சம்மதம் தரவேண்டும். கவனியுங்கள், சட்டம் பேசுவது கியரைப் பற்றி மட்டும் அல்ல, சி.சி.யைப் பற்றி. பாண்டித் தெருவில் திரும்பிய பக்கம் எல்லாம் நிற்கும் ஆக்டிவாவில் கியர் கிடையாது, சரி. ஆனால் அதன் எஞ்சின் சுமார் 110 சி.சி. பதினாறு வயதுக்காரருக்கு அனுமதித்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இந்தச் சட்டம் எழுதப்பட்ட காலத்தில் அந்த விலக்கு அர்த்தம் உள்ளதாக இருந்தது. 1972-ல் கைனடிக் லூனா வந்தது. பிரான்ஸின் மோட்டோபெக்கான் கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு திருப்பதியில் சுவேகா மொபெட் செய்தார்கள். 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது, பேரிலேயே ஐம்பது இருக்கிறது. தொண்ணூறுகளில் பஜாஜ் சன்னி. சைக்கிளிலிருந்து மோட்டாருக்குப் போகிறவர்களுக்கு நடுவில் ஒரு படி இருந்தது.

அந்தப் படியை யாரும் சட்டம் போட்டு எடுக்கவில்லை. அதுவாகவே காணாமல் போனது. புகை விதிகள் இறுக இறுக டூ ஸ்ட்ரோக் வண்டிகள் ஒதுங்கின. இரண்டு பேரும் ஒரு மூட்டையும் ஏறினாலும் இழுக்கிற வண்டிதான் ஜனங்களுக்கு வேண்டியிருந்தது. டி.வி.எஸ். 50-ன் வாரிசு எக்ஸெல், முதலில் 70 சி.சி. ஆனது, இன்று 100 சி.சி.யாக ஓடுகிறது. இன்றைக்குப் பெரிய கம்பெனிகள் எதுவும் இந்தியாவில் 50 சி.சி. பெட்ரோல் வண்டி விற்பதில்லை. ஆக, பதினாறு வயதுக்காரர் ஓட்டலாம் என்று சட்டம் சொல்கிற வண்டி, ஷோரூமில் இல்லை. ஷோரூமில் இருக்கிற வண்டியை அவர் ஓட்ட சட்டம் விடவில்லை.

இந்த இடைவெளியில்தான் பாண்டியின் பதினோராம் வகுப்பு மொத்தமும் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறது.

மாட்டிக்கொள்வது பிள்ளை மட்டுமல்ல

"பிடிச்சா ஐநூறு ஆயிரம் ஃபைன், அவ்வளவுதானே" என்று நினைக்கும் அப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள். 2019 செப்டம்பர் 1 முதல் கதை வேறு. அந்த வருடத் திருத்தத்தில் 199ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோர் அல்லது வண்டியின் சொந்தக்காரர் குற்றவாளி என்று எடுத்துக்கொள்ளப்படுவார். மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. தனக்குத் தெரியாமல் நடந்தது, தடுக்கத் தன்னால் ஆனதெல்லாம் செய்தேன் என்று நிரூபித்தால் பெற்றோர் தப்பலாம். பிறந்தநாளுக்குச் சாவியை ரிப்பன் கட்டிக் கொடுத்துவிட்டு, தெரியாது என்று எப்படிச் சொல்வது?

25 வயது வரை லைசென்ஸ் இல்லை என்றால் என்ன அர்த்தம்? டிகிரி முடித்து, வேலைக்குச் சேர்ந்து, நாலு வருடம் ஆகும் வரை இல்லை. கலெக்ஷன், சேல்ஸ், டெலிவரி என்று வண்டியும் லைசென்ஸும் கேட்கிற வேலை எதற்கும் போக முடியாது. பி.காம். முடித்தவர்களில் எத்தனை பேருக்கு முதல் வேலை அப்படிப்பட்டது என்று யோசித்தால் இதன் கனம் புரியும்.

அடுத்தது இன்சூரன்ஸ். புது டூ வீலர் வாங்கும்போதே ஐந்து வருட தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டவேண்டும் என்பது 2018 செப்டம்பரிலிருந்து விதி. 2022-ல் நிர்ணயித்த கட்டணப்படி 75 முதல் 150 சி.சி. வரை உள்ள வண்டிக்கு அது 3,851 ரூபாய். "அதான் இன்சூரன்ஸ் இருக்கே" என்ற தைரியம் அங்கிருந்து வருகிறது. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி யாராவது அடிபட்டால், நஷ்ட ஈட்டை முதலில் கம்பெனியைக் கொடுக்கச் சொல்லிவிட்டு, வண்டியின் சொந்தக்காரரிடம் திரும்ப வசூலித்துக்கொள்ள நீதிமன்றங்கள் அனுமதிப்பது வழக்கமாக நடக்கிறது. குடும்பத்தில் ஒருவரின் உழைப்பை நம்பியிருக்கிற ஒருவர் அடிபட்டால், அந்த நஷ்ட ஈடு லட்சக்கணக்கில் போகும். மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்த பணமும், வில்லியனூர் பக்கம் வாங்கிப்போட்ட மனையும் அந்தக் கணக்கில் கரையலாம்.

டியூஷனுக்கு அரைமணி நேரம் சீக்கிரம் போய்ச் சேர்வதற்காக ஒரு குடும்பம் பணயம் வைப்பது இவ்வளவையும்.

"அப்ப எப்படிங்க போறது?"

நியாயமான கேள்வி. சும்மா "சட்டத்தை மதிக்கவும்" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். டியூஷன் முடிய ராத்திரி எட்டரை ஒன்பது ஆகிறது. அந்த நேரத்தில் டெம்போவில் நெருக்கியடித்து வரப் பெண்பிள்ளைகளுக்கு மனசு வராது, வீட்டிலும் விடமாட்டார்கள். ஸ்கூட்டர் இல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு டியூஷனே இல்லை என்று முடிவு செய்கிற வீடுகள் உண்டு. பெண்களுக்கு ஸ்கூட்டர் கொடுத்த சுதந்திரம் சின்ன விஷயம் அல்ல. ஆகவே 18 வரை பொறு என்று சொல்லும்போது அதன் செலவைப் பையன்களை விடப் பெண்கள்தான் அதிகம் கொடுக்கிறார்கள். இதை மறைக்கக் கூடாது.

ஆனாலும் வழி இல்லாமல் இல்லை. பாண்டி மேடு பள்ளம் அதிகம் இல்லாத சமதளமான ஊர். முத்தியால்பேட்டையிலிருந்து மிஷன் வீதி வரை, லாஸ்பேட்டையிலிருந்து அண்ணா சாலை வரை சைக்கிளில் தாராளமாகப் போகலாம். ஒரு காலத்தில் ஊரே அப்படித்தான் போனது. சைக்கிள் இப்போது கௌரவக் குறைச்சல் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

இன்னொரு வழி, குறைந்த வேக மின்சார வண்டி. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்தால், விதிகளில் சொன்ன மற்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம். ஆனால் இங்கேயும் ஒரு குழப்பம் பரவியிருக்கிறது. "எலக்ட்ரிக்னா லைசென்ஸ் வேணாம்" என்பது தப்பு. ஏத்தர், ஓலா, சேத்தக் எல்லாம் நம்பர் பிளேட் வாங்க வேண்டிய, லைசென்ஸ் கேட்கிற முழு வண்டிகள். அதேபோல குறைந்த வேக வண்டியின் வேகக் கட்டுப்பாட்டை மெக்கானிக்கிடம் கொடுத்து எடுத்துவிட்டால், அந்த நிமிடமே அது பதிவு செய்யாத மோட்டார் வாகனம் ஆகிவிடும்.

அடிபட்டால் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாத வண்டி அது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஈ.சி.ஆர். பக்கமே கொண்டுபோகாமல், தெருக்களுக்குள் ஹெல்மெட்டோடு ஓட்டினால் உபயோகமான வண்டி.

பிரெஞ்சுக்காரர்கள் செய்வது

பிரெஞ்சுக்காரர்கள் 1954-ல் ஊரைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நேர்க்கோட்டுத் தெருக்களையும், போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பியையும் பாண்டி வைத்துக்கொண்டது. இந்த விஷயத்தில் அவர்கள் ஊரில் நடப்பதையும் ஒரு பார்வை பார்க்கலாம்.

பிரான்ஸில் 14 வயதிலேயே மொபெட் ஓட்டலாம். கேட்டவுடன் "பாத்தீங்களா!" என்று குதிக்கவேண்டாம். அது 50 சி.சி., மணிக்கு 45 கிலோமீட்டருக்கு மேல் போகாதது, அதற்கும் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். 16 வயதில் 125 சி.சி. வரை. 18-ல் 35 கிலோவாட் வரை உள்ள பைக். அதில் இரண்டு வருடம் ஓட்டி, மறுபடி ஒரு பயிற்சி முடித்த பிறகுதான் எவ்வளவு பெரிய பைக்காக இருந்தாலும் ஓட்டலாம். மாடிப்படி மாதிரி ஒவ்வொன்றாக.

இந்தியாவில்? 18 வயது முடிந்து, எல்.எல்.ஆர். வாங்கி, முப்பது நாள் கழித்து நூறடி ரோட்டில் எட்டு போட்டுக் காட்டி, கியர் வண்டி லைசென்ஸ் வாங்கிவிட்டால் போதும். மறுநாள் 100 சி.சி. ஸ்ப்ளெண்டரும் ஓட்டலாம், 1000 சி.சி. பைக்கும் ஓட்டலாம். லைசென்ஸ் ஒன்றேதான். நடுவில் படியே கிடையாது.

விஷயத்தின் மையம் இதுதான். சட்டம் போடாத படியை வீடுதான் போட வேண்டும். முதல் வண்டி என்பது பரிசு அல்ல, முதல் படி. அப்படிப் பார்த்தால் எந்த வண்டி என்ற கேள்விக்குப் பதில் தானாக வரும்.

சரி, எந்த வண்டி?

முதலில் எடை. புதிதாக ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் விழுவது வேகத்தில் அல்ல. நிறுத்தும்போது, திருப்பும்போது, மணலில் கால் வைக்கும்போது. நேரு வீதியில் பார்க்கிங்கிலிருந்து வண்டியைப் பின்னால் இழுத்துப் பாருங்கள், புரியும். எக்ஸெல் 90 கிலோவுக்குள். 110 சி.சி. ஸ்கூட்டர்கள் நூறு கிலோவை ஒட்டி. ஸ்ப்ளெண்டர் மாதிரி 100 சி.சி. பைக் 110 கிலோ சொச்சம். ஆர்15 மாதிரியான பைக் சுமார் 140 கிலோ, அதோடு 18 குதிரைத்திறன். ஐம்பத்தைந்து கிலோ இருக்கிற பையன் சாய்கிற 140 கிலோவைக் காலால் தாங்க முடியாது.

இரண்டாவது, சீட்டின் உயரம். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் அழுந்தவேண்டும். நுனிக்கால் மட்டும் பட்டால் அது இப்போதைக்கு உங்கள் வண்டி அல்ல. இதற்கு இன்டர்நெட்டில் ரிவ்யூ படிக்கத் தேவையில்லை, ஷோரூமில் ஒரு நிமிடம் உட்கார்ந்தால் போதும்.

மூன்றாவது, ஸ்கூட்டரா பைக்கா. ஸ்கூட்டரில் கிளட்ச், கியர் கவலை இல்லை, கவனம் முழுவதும் ரோட்டில் இருக்கும். மெதுவாக ஊர்ந்து போகும் டவுன் டிராஃபிக்குக்கு அது சுகம். ஆனால் சக்கரம் சின்னது. பத்து, பன்னிரண்டு இஞ்ச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் கை உதறும். பைக்கின் பதினேழு, பதினெட்டு இஞ்ச் சக்கரம் அதே பள்ளத்தை எளிதாகத் தாண்டிவிடும். இன்னொன்று, பயத்தில் புதியவர்கள் கைப்பிடியை இறுகப் பிடிப்பார்கள். ஸ்கூட்டரில் அந்தப் பிடி ஆக்சிலேட்டரை முறுக்கினால் வண்டி பாயும். பைக்கில் கிளட்சைப் பிடித்தால் இழுவை நின்றுவிடும். ஆகவே டவுனுக்குள்ளேயே சுற்றுகிறவருக்கு ஸ்கூட்டர். தினமும் காலாப்பட்டு வரை ஈ.சி.ஆரில் போய்வருகிறவருக்கு, ஆறு மாதம் ஸ்கூட்டரிலோ எக்ஸெல்லிலோ பழகிய பிறகு, ஒரு 100 சி.சி. பைக்.

(காலாப்பட்டு போகிற வழியில் கோட்டக்குப்பம் தமிழ்நாட்டில் இருக்கிறது. பாண்டியில் தெரிந்த போலீஸ்காரர் இருக்கிறார் என்பது அங்கே செல்லாது. மோட்டார் வாகனச் சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றே.)

பழகுவதற்கு உண்மையிலேயே நல்ல வண்டி எது என்றால், யாரும் விரும்பாத எக்ஸெல்தான். எடை குறைவு, கியர் இல்லை, ஆனால் சக்கரம் பதினாறு இஞ்ச், வேகமும் அளவோடு. பால்காரர் வண்டி, காய்கறிக்காரர் வண்டி என்று காலேஜில் கிண்டல் செய்வார்கள் என்பதைத் தவிர அதில் ஒரு குறையும் இல்லை. மாமாவிடமோ தாத்தாவிடமோ ஒன்று இருந்தால், 18 முடிந்து எல்.எல்.ஆர். கையில் வந்ததும், விடியற்காலையில் லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானம் மாதிரி திறந்தவெளியில் ஒரு மாதம் ஓட்டிப் பழகலாம். எல்.எல்.ஆர். வைத்திருக்கும் வரை வண்டிக்கு முன்னும் பின்னும் சிவப்பில் 'எல்' போடவேண்டும். சொல்லிக்கொடுக்கிற லைசென்ஸ்காரரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக்கூடாது. நண்பனை ஏற்றிக்கொண்டு பாரடைஸ் பீச் போவதெல்லாம் அப்புறம்.

மைலேஜ் கணக்கு

அப்பாக்கள் விடாமல் கேட்கும் கேள்வி என்பதால் இதையும் போட்டுப் பார்த்துவிடலாம். தினம் 20 கிலோமீட்டர், மாதம் 25 நாள், மொத்தம் 500 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 தருகிற ஸ்கூட்டருக்கு சுமார் 11 லிட்டர். 60 தருகிற பைக்குக்கு சுமார் 8.3 லிட்டர். கடலூர், விழுப்புரத்தை விடப் பாண்டியில் பெட்ரோல் சில ரூபாய் குறைவு. இருந்தாலும் வட்டமாக லிட்டர் நூறு ரூபாய் என்றே வைத்துக்கொண்டால், வித்தியாசம் மாதம் முன்னூறு ரூபாய்க்குள். இந்த முன்னூறு ரூபாய்க்காகப் பிள்ளையின் உயரத்துக்குச் சேராத வண்டியை வாங்குவது எந்த அக்கவுண்டன்சியிலும் லாபம் ஆகாது.

மிச்சம் பிடிக்கவேண்டும் என்றால் நல்ல நிலையில் உள்ள பழைய ஸ்கூட்டர் வாங்கலாம். முதல் வருடம் எப்படியும் கீறல் விழும். அது புது வண்டியில் விழுவதை விடப் பழையதில் விழட்டும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரானதாகப் பாருங்கள். அப்போதிலிருந்து 125 சி.சி. வரை உள்ள வண்டிகளில், ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் பிடிக்கிற சி.பி.எஸ். கட்டாயம். முன் பிரேக்கைத் தொடவே பயப்படுகிற புதியவருக்கு அது பெரிய உதவி.

மிச்சமான பணத்தில் முதலில் வாங்கவேண்டியது ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட். பாண்டியில் ஹெல்மெட் அரசியல் ஆகிப்போன பொருள். 2019 பிப்ரவரியில் கட்டாயம் என்று இறுக்கியபோது, கவர்னரும் முதல்வரும் மோதிக்கொண்ட விஷயங்களில் அதுவும் ஒன்றாகி, ராஜ்நிவாஸ் வாசலில் தர்ணா வரை போனது. 2025 ஜனவரியில் மறுபடி கட்டாயம் என்றார்கள். இப்படி வருவதும் தளர்வதுமாக இருப்பதால், ஹெல்மெட் என்பது போலீஸுக்காகப் போடுகிற பொருள் என்றே பலர் நினைத்துவிட்டார்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். ஆகவே ஹெல்மெட் ஒன்று அல்ல, இரண்டு.

கடைசியாக

பதினாறிலிருந்து பதினெட்டு வரை இரண்டு வருடம். அந்த வயதில் அது பெரிய காலமாகத் தெரியும். பிள்ளையிடம் பொறு என்று சொல்கிற வீட்டுக்கு அது இன்னும் கஷ்டம், ஏனென்றால் பக்கத்து வீட்டுப் பையன் ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருப்பான். அவனும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாமலே 18-ஐத் தாண்டிவிடுவான். "அவனுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். ஒன்றும் ஆகவில்லைதான். ஆனால் ஆகிவிட்டால் கொடுக்கவேண்டியது என்ன என்பது மேலே இருக்கிறது. நடக்கும் வாய்ப்பு குறைவு, நடந்தால் குடும்பமே தாங்காது என்கிற விஷயத்துக்குத்தான் உலகம் முழுக்க இன்சூரன்ஸ் எடுக்கிறார்கள். இங்கே அந்த இன்சூரன்ஸும் கைகொடுக்காது.

ஆகவே "மார்க் வாங்கினா வண்டி" என்ற ஒப்பந்தத்தைக் கொஞ்சம் மாற்றி எழுதுங்கள். மார்க் வாங்கினால் நல்ல சைக்கிள். 18 முடிந்தால் எல்.எல்.ஆர். எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கினால், இரண்டு காலும் தரையில் படுகிற ஒரு சின்ன வண்டி. அதை இரண்டு வருடம் ஒழுங்காக ஓட்டினால், ஆசைப்பட்ட வண்டி. அதற்குள் சொந்தச் சம்பளமே வந்துவிடலாம். அப்போது மைலேஜ் என்ன என்று அப்பா கேட்கவும் மாட்டார். :-)